போட்டி விங் வாங்கும் நேரம் வந்துவிட்டதா?

கேள்வி: மூன்று வருடமாகப் பாராகிளைடிங் செய்கிறேன். இதுவரை 180 மணி நேரம் பறந்திருக்கிறேன். என்னிடம் இருப்பது பி வகுப்பு விங், அந்த வகுப்பில் கொஞ்சம் வேகமான ரகம். போன சீசனில் இரண்டு போட்டிகளில் கலந்துகொண்டேன். இரண்டிலும் பட்டியலின் நடுவில் வந்தேன். தெர்மலில், அதாவது மேலெழும் சூடான காற்றில், எல்லோரோடும் சேர்ந்து மேலே போய்விடுகிறேன். ஆனால் அங்கிருந்து அடுத்த தெர்மலுக்கு உயரத்தை இழந்தபடி கிளைட் போகும்போது போட்டி விங்குகள் என்னை விட்டுவிட்டுப் போய்விடுகின்றன. நண்பர் ஒருவர் தன் இரண்டு வருடப் பழைய சி.சி.சி. (போட்டிக்கென்றே உள்ள வகுப்பு) விங்கைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். ஒரு மாலை நேரம் அதை ஓட்டிப் பார்த்தேன். ஆட்டமே இல்லை, இழுத்துக் கட்டிய கயிற்றில் போவது போல நேராகப் போனது. அதன் எடை வரம்பு 95 முதல் 110 கிலோ. சாமான்களோடு என் எடை 88. "பாட் ஹார்னஸும் (கால் நீட்டிப் படுத்தபடி பறக்கும் இருக்கை) வாங்கு, தண்ணீர் மூட்டை வைத்துக்கொள், எடை சரியாகிவிடும். பெரிய விங் வாங்கினால்தான் அதற்கேற்ப நாமும் வளர்வோம்" என்கிறார். எஸ்.ஐ.வி. பயிற்சி, அதாவது விங்கை வேண்டுமென்றே மடக்கி மீட்டுப் பழகுவது, ஒரே ஒரு முறை, இரண்டு வருடத்துக்கு முன், அப்போதைய ஏ விங்கில் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். ஞாயிறு வரை காத்திருக்காமல் இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் உங்கள் ஆசையில் தவறு எதுவும் இல்லை. வேகமாகப் பறக்க வேண்டும், போட்டியில் முன்னேற வேண்டும் என்ற அந்தத் துடிப்பு எனக்கும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதைக் காப்பாற்றிக்கொண்டே வளர வழி இருக்கிறது.

முதலில் எடை. மற்ற எல்லாம் சாதகமாக இருந்தாலும் இது ஒன்றே போதும், இந்த விங்கை வேண்டாம் என்று சொல்ல. பாராகிளைடரின் வேகம் அது தூக்கும் எடையின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். அதே விங்கில் 108 கிலோவோடு ஒருவர் முழு ஸ்பீட் பாரில் (வேகம் கூட்டக் காலால் அழுத்தும் கம்பி) மணிக்கு 60 கிலோமீட்டர் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 88 கிலோவோடு நீங்கள் அதே பாரை முழுதாக அழுத்தினாலும் சுமார் 54 தான் வரும். எந்த வேகத்துக்காக இந்த விங்கை வாங்க நினைக்கிறீர்களோ, அதில் பத்தில் ஒரு பங்கு தரையிலேயே போய்விட்டது. அதைவிட முக்கியம், எடை குறைந்த விங்குக்குள் காற்றழுத்தம் குறையும், துணி தொளதொளவென்று இருக்கும், நீண்ட நுனிகள் முதலில் தளரும். விங்கைச் சோதிப்பவர்கள் அதன் எடை வரம்பின் இரு முனைகளிலும்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள். வரம்புக்கு ஏழு கிலோ கீழே அது எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் சோதித்து எழுதி வைக்கவில்லை.

தண்ணீர் மூட்டை வைக்கலாமே என்பீர்கள். மேல்மட்டப் பைலட்டுகள் பாலஸ்ட், அதாவது கூடுதல் எடை, வைத்துக்கொள்வது உண்மைதான். ஆனால் வரம்பின் கீழ்முனையை எட்டவே ஏழு கிலோ சுமப்பது என்றால், அந்த அளவு உங்களுக்கானது இல்லை என்று அர்த்தம். அந்த எடையோடுதான் ஓடி டேக்-ஆஃப் செய்ய வேண்டும், அந்த எடையோடுதான் தரையிறங்கவும் வேண்டும். கணுக்கால் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

சரி, உங்கள் எடைக்குப் பொருந்தும் இன்னொரு சி.சி.சி. கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என் பதில் மாறாது. அதற்கு ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும். ஐரோப்பியத் தரமான இ.என். 926-2 விங்குகளை இந்த நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறது. அமைதியான காற்றில் சோதனைப் பைலட் வேண்டுமென்றே விங்கின் ஒரு பக்கத்தையோ முன்விளிம்பு முழுவதையோ மடக்குகிறார். அப்புறம் பெரும்பாலான சோதனைகளில் அவர் எதையும் தொடாமல் காத்திருக்கிறார். விங் தானாகத் திறக்கிறதா, எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு முன்னால் பாய்கிறது என்பதை அளக்கிறார்கள். நிறைய மன்னிக்கும் விங் ஏ. பைலட்டின் பிழைக்கும் குலுங்கும் காற்றுக்கும் வன்மையாக எதிர்வினை செய்யக்கூடியது டி. அந்த வகுப்பு, மீட்பு நடவடிக்கைகளில் நன்றாகப் பழகி, தொடர்ந்து விங்கைக் கையாண்டபடியே பறந்து, குலுங்கும் காற்றில் நிறைய அனுபவம் பெற்றவர்களுக்கானது என்று அந்தத் தரமே விவரிக்கிறது.

சி.சி.சி. இந்த நான்கு எழுத்துகளுக்கும் வெளியே நிற்கிறது. அது வந்த கதையும் லேசானதல்ல. 2011 ஜூலையில் ஸ்பெயினின் பியத்ராஹீத்தாவில் உலக சாம்பியன்ஷிப் நடந்தபோது இரண்டு பைலட்டுகள் உயிரிழந்தார்கள், போட்டி பாதியில் நிறுத்தப்பட்டது. அதன்பின் உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ.யின் பாராகிளைடிங் குழுவான சிவில், சான்றிதழ் இல்லாத ஓப்பன் வகுப்பு விங்குகளைத் தன் முதல்நிலைப் போட்டிகளிலிருந்து விலக்கியது. சில வருடங்கள் கழித்து, போட்டிக்கென்றே விதிகள் வகுத்து உருவாக்கிய வகுப்புதான் சி.சி.சி. விதிகள் வந்ததால் அந்த விங்குகள் சாதுவாகிவிடவில்லை. உச்ச நிலைப் போட்டிப் பைலட்டின் கையில் இருக்கும் என்று எதிர்பார்த்தே அவற்றை வடிவமைக்கிறார்கள்.

அந்த மாலைப் பறப்பைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். ஆட்டமே இல்லை என்று நீங்கள் உணர்ந்தது பொய்யில்லை. என் பயமும் அங்கேதான். இன்றைய போட்டி விங்குகள் எல்லாம் டூ-லைனர்கள், அதாவது விங்கையும் நம்மையும் இணைக்கும் கயிறுகளான லைன்கள் முன்பின்னாக ஏ, பி என்று இரண்டே வரிசை. லைன் குறைந்தால் காற்றின் இழுவை குறையும். பின் ரைசரை, அதாவது பின்வரிசை லைன்கள் வந்து சேரும் பட்டையை, பிடித்தால் விங்கின் உருவம் சிதையாமல் அதன் கோணத்தை முழுதாக மாற்றலாம். முழு வேகத்தில் போகும்போதும் கையில் கட்டுப்பாடு இருக்கும். இவை எளிதில் கொலாப்ஸ் ஆவதும், அதாவது மடங்குவதும், இல்லை. பி விங் சின்னச் சின்னதாக நுனி மடங்கி, "காற்று சரியில்லை, கவனம்" என்று பத்து முறை சொல்லும். டூ-லைனர் அந்தப் பத்து முறையும் பேசாமல் தாங்கிக்கொள்ளும். பதினோராவது முறை மடங்கும்போது பெரிதாக மடங்கும்.

மடங்கியபின் என்ன ஆகும்? பி விங்கின் ஆஸ்பெக்ட் ரேஷியோ, அதாவது நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம், ஐந்து, ஐந்தரை என்ற அளவில் இருக்கும். சி.சி.சி.யில் ஏழைத் தாண்டும். விங் நீள நீள, மடங்கிய பக்கத்தின் இழுவை நடுவிலிருந்து தள்ளி விழுகிறது. உங்களை ஒரு பக்கமாகச் சுழற்றும் விசை அந்த அளவுக்கு அதிகம். ஒடுங்கிய நீண்ட நுனி லைன்களுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம். அதைத்தான் கிராவட் என்கிறோம். கிராவட் விழுந்த விங் சுழல ஆரம்பித்தால் நொடிக்கு 15 மீட்டருக்கு மேல் கீழே போவது சாதாரணம். 300 மீட்டர் உயரம் இருந்தால் உங்களுக்கு 20 நொடி. அந்த 20 நொடியில் நடப்பது என்ன என்று புரிந்து, எதிர்ப்பக்கம் எடை சாய்த்து, சிக்கிய லைனை இழுத்துப் பார்த்து, முடியாவிட்டால் முழு ஸ்டாலுக்கு (விங் பறப்பதையே நிறுத்தும் நிலை) கொண்டுபோய் மீட்பதா அல்லது அவசரப் பாராசூட்டான ரிசர்வை எறிவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

இதை நான் புத்தகத்திலிருந்து எழுதவில்லை. ஐந்தாவது சீசனில் டி வகுப்பு விங்குக்கு மாறினேன். அப்போது எனக்கு உங்களைவிட அதிக மணி நேரம் இருந்தது. ஆனால் அதில் பாதி மென்மையான காற்றில் பறந்தது. முதல் நாற்பது மணி நேரம் ஒரு பிரச்சினையும் வரவில்லை, எனக்கு வந்துவிட்டது என்று நம்பிவிட்டேன். ஒரு மதியம், ஒரு மலைமுகட்டின் காற்று மறைவான பக்கத்தில், பாதி பாரில் போய்க்கொண்டிருந்தபோது விங்கின் வலது பக்கம் மடங்கிப் போய்விட்டது. பாரை விட்டேன், அது சரி. அப்புறம் பயத்தில் இடது பிரேக்கை அளவுக்கு மீறி இழுத்தேன். அந்தப் பக்கமும் ஸ்டால் ஆகி, விங் பின்னால் போய், பாய்ந்து வந்து, வலது நுனி கிராவட் ஆனது. ஹார்னஸில் லைன்கள் முறுக்கிக்கொண்டன. ரிசர்வ் பிடியைத் தேடிய என் கை, பழைய ஹார்னஸில் அது இருந்த இடத்துக்குப் போனது. புதிய ஹார்னஸில் பிடி ஒரு சாண் முன்னால் இருந்தது. எப்படியோ எறிந்தேன், மரங்களுக்கு நடுவே இறங்கினேன், காயம் இல்லை. அந்த ஒரு சாண் தூரம் இன்றும் என் கையில் இருக்கிறது. இப்போதும் ஒவ்வொரு டேக்-ஆஃபுக்கு முன்னும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை ரிசர்வ் பிடியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

அதனால்தான் "பெரிய விங் வாங்கினால் அதற்கேற்ப வளர்வோம்" என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. கையாளத் தெரியாத விங்கில் மனிதர் வளர்வதில்லை, சுருங்குகிறார். பயம் வந்தால் கால் பாரை விட்டுவிடும். கொஞ்சம் குலுங்கும் காற்று என்றாலும் தரையிறங்கத் தோன்றும். பறக்கும் நாள்கள் குறையும். நான் அந்த டி விங்கோடு இருந்த முதல் சீசனின் பதிவுகளைப் பின்னால் எடுத்துப் பார்த்தேன். கிளைடில் என் சராசரி வேகம், முந்தைய வருடம் சி விங்கில் போனதைவிடக் குறைவு.

இங்கேதான் உங்கள் கேள்வியின் மையம் இருக்கிறது. போட்டி விங்குகள் கிளைடில் உங்களைத் தாண்டுகின்றன என்கிறீர்கள். அதில் விங்கின் பங்கு எவ்வளவு, காலின் பங்கு எவ்வளவு? கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரே வேகத்தில் உங்கள் விங்கின் கிளைட் விகிதம் 10, அவருடையது 11 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோமீட்டர் போக நீங்கள் 1000 மீட்டர் உயரம் இழப்பீர்கள், அவர் சுமார் 910. அடுத்த தெர்மலுக்கு அவர் 90 மீட்டர் உயரே வந்து சேர்கிறார். நொடிக்கு 2 மீட்டர் தூக்கும் தெர்மலில் அது 45 நொடி வேலை. இப்போது வேகத்தைப் பாருங்கள். அதே 10 கிலோமீட்டரை மணிக்கு 45 கிலோமீட்டரில் கடக்க 13 நிமிடம் 20 நொடி ஆகும். 55-இல் 10 நிமிடம் 55 நொடி. கிட்டத்தட்ட இரண்டரை நிமிட வித்தியாசம். வேகமாகப் போனால் உயரமும் கூடுதலாகப் போகும், அதனால் இந்த இரண்டரை நிமிடமும் முழு லாபம் இல்லை. முழு வேகத்தில் விங்குகளுக்கிடையே உள்ள இடைவெளியும் பெரிதாகும், அதையும் மறுக்கவில்லை. இருந்தாலும் காலின் பங்கு சின்னதல்ல. ஒரு நல்ல தெர்மலை ஒரு நிமிடம் முன்னதாக விட்டுக் கிளம்பினாலோ, தவறான மேகத்துக்குக் கீழே போனாலோ, ஐந்து பத்து நிமிடம் போய்விடும். அதை எந்த விங்கும் திருப்பித் தராது.

உங்கள் போன சீசன் போட்டிப் பதிவுகளை எடுங்கள். ஒவ்வொரு கிளைடிலும் உங்கள் வேகம் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். காற்றின் போக்கைக் கழித்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குத் தப்பும். உங்கள் பி விங்கை எத்தனை நிமிடம் முழு பாரில் ஓட்டியிருக்கிறீர்கள்? 180 மணி நேரம் பறந்த பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன், பதில் பெரும்பாலும் "பாதி பார்தான்" என்று வரும். உங்கள் பதிலும் அதுவானால், இன்னும் வேகமான விங் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பாதியை நீங்கள் திறந்தே பார்க்கவில்லை.

அதனால் இந்த சீசனுக்கு என் யோசனை இது. இருக்கும் விங்கை வைத்துக்கொண்டு எஸ்.ஐ.வி.க்குப் போங்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஏ விங்கில் செய்தது இப்போதைய விங்குக்கு உதவாது. கை நினைவு மங்கியிருக்கும், விங்கும் வேறு. தண்ணீருக்கு மேலே, லைஃப் ஜாக்கெட்டோடு, ரேடியோவில் பயிற்சியாளர் இருக்க, பாரை அழுத்தியபடி வரும் ஒருபக்கக் கொலாப்ஸை முதலில் கேளுங்கள். அப்புறம் முழு ஸ்டால், ஸ்டாலிலிருந்து நிதானமாகப் பின்பறப்பில் நிறுத்துவது, அங்கிருந்து வெளியே வருவது. ஸ்டாலைக் கண்டு பயப்படாத கைதான் பெரிய விங்குக்கு அடிப்படைத் தகுதி என்பது என் கருத்து. ஒரு தடவை செய்து கைதட்டு வாங்குவது போதாது. யாரும் ரேடியோவில் சொல்லாமலே, முகம் இறுகாமலே செய்ய வரும் வரை செய்ய வேண்டும். கிரவுண்ட் ஹேண்ட்லிங்கையும் விட்டுவிடாதீர்கள். தரையில் நின்றபடி விங்கை ஒரு மணி நேரம் தலைக்கு மேலே வைத்திருப்பது அலுப்பாகத் தோன்றும். ஆனால் நீண்ட விங்கின் பாய்ச்சலை விரலால் நிறுத்தக் கற்றுக்கொடுப்பது அதுதான். டேக்-ஆஃபில் பக்கக் காற்று அடிக்கும்போது அதன் அருமை தெரியும்.

பாட் ஹார்னஸ் வாங்குங்கள், அதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் விங்கையும் ஹார்னஸையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். நான் செய்த தவறு அதுதான். பாட் ஹார்னஸில் கால் நீட்டிப் படுத்திருப்பதால் விங் திடீரென்று திரும்பும்போது உடல் அதே வேகத்தில் திரும்பாது. லைன்கள் முறுக்கிக்கொள்ளும். ஏதாவது நடந்தால் உடனே முழங்காலை மடக்கிக் கால்களை உள்ளே இழுப்பது உங்களுக்குப் பழக்கமாக வேண்டும். பழகிய பி விங்கில் முப்பது நாற்பது மணி நேரம் அதைப் பழகுங்கள். மார்புப் பட்டையின் அகலத்தை விங்கின் கையேடு சொல்லும் அளவுக்கு வையுங்கள். முதுகுப் பாதுகாப்பு நல்லதாக இருக்கும் ஹார்னஸாகப் பாருங்கள். எடை குறைவு, வடிவம் அழகு என்று பாதுகாப்பை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அதன்பின் சி வகுப்பு. இங்கே ஒரு எச்சரிக்கை. முன்பெல்லாம் சி விங்குகள் கிட்டத்தட்ட எல்லாமே த்ரீ-லைனர்களாக இருந்தன. சோதனையில் விங்கை மடக்கக் கூடுதலாகக் கட்டும் லைன்களை சி வகுப்புக்கும் அனுமதித்து 2021-இல் தரத்தைத் திருத்தினார்கள். டூ-லைனர்கள் சி வகுப்புக்குள் வந்தது அதற்குப் பிறகுதான். ஒரே எழுத்து, ஆனால் இரண்டுக்கும் குணம் வேறு. முதல் சி விங்காக த்ரீ-லைனரையே எடுங்கள், உங்கள் எடை அதன் வரம்பின் மேல்பாதியில் விழட்டும். அதில் ஒரு சீசன் முழுக்க, கோடையின் நடுமதியத்தில், முழு பாரில் பறந்து பாருங்கள். அப்புறம் டூ-லைனர் சி அல்லது டி. பல போட்டிகளில் சி வரையிலான விங்குகளுக்கு ஸ்போர்ட் வகுப்பு என்று தனிப் பட்டியல் உண்டு. உங்களுக்குச் சமமான விங்குகளோடு மோதிப் பார்த்தால்தான் எங்கே நேரம் போகிறது என்பது தெளிவாகத் தெரியும். அதில் முதல் சில இடங்களுக்குள் தொடர்ந்து வந்த பிறகு, வருடத்துக்கு நூறு மணி நேரமாவது பறக்க முடிகிற வாழ்க்கையும் அமைந்தால், சி.சி.சி. பற்றி மறுபடி எழுதுங்கள். மகிழ்ச்சியோடு பதில் எழுதுவேன். இந்த நூறு மணி நேரம் எந்த விதியிலும் இல்லை, நான் பார்த்தவர்களை வைத்து நான் போட்டுக்கொண்ட கோடு.

இன்னொன்று, பின்னால் எப்போது பழைய போட்டி விங் வாங்கினாலும் துணியை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். அவற்றின் லைன்களுக்கு மேலுறை கிடையாது. மேல்வரிசையில் சில லைன்கள் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. டைனீமா லைன்கள் நாளாக நாளாகச் சுருங்கும், அதுவும் எடை குறைவாகத் தாங்கும் பின்வரிசையில்தான் அதிகம். பின்வரிசை சுருங்கினால் விங் மெதுவாகும், ஸ்டாலுக்கு அருகில் பறக்கும். சில சென்டிமீட்டர் பிசகே விங்கின் குணத்தை மாற்றிவிடும். கடைசியாக லைன்களை அளந்த தாள், லைன்களை மாற்றிய தேதி, மொத்த மணி நேரம், இவை மூன்றும் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள். முன்விளிம்பில் உள்ள பிளாஸ்டிக் கம்பிகள் வளைந்து நெளிந்திருக்கின்றனவா என்றும் தடவிப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் விங், ஹார்னஸ், எடை எல்லாம் இருந்தன. ரிசர்வ் பற்றி ஒரு வரியும் இல்லை. அது கடைசியாக எப்போது மடிக்கப்பட்டது? பாட் ஹார்னஸும் சேர்ந்தால் கூடப்போகும் உங்கள் மொத்த எடைக்கு அதன் அளவு போதுமா? இ.என். 12491 தரப்படி, அனுமதித்த உச்ச எடையில் ரிசர்வ் நொடிக்கு 5.5 மீட்டருக்கு மேல் வேகமாக இறங்கக் கூடாது. எடை அதைத் தாண்டினால் அந்த உத்தரவாதமும் போய்விடும். புதிய ஹார்னஸ் வந்ததும் ஓர் உத்தரத்தில் அதைத் தொங்கவிட்டு, நீங்கள் உட்கார்ந்து, ரிசர்வைப் பிடித்து உண்மையாகவே ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பை வெளியே வருகிறதா, கை சரியான இடத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். அதை இடது கையாலும் ஒரு முறை செய்துவிடுங்கள்.